சேலத்துப் பட முதலாளி



ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோவில் திருவிழா என்றதும் தேரும் தப்பொலியும் நினைவுக்கு வரும். அவற்றோடு இன்னொன்றும் வரும், அதுதான் படம். பசறைக்கு அப்பால் நமுனுகுலைச் சாரலில் உள்ள எங்கள் தோட்டத்திலே, நான் சிறுவனாக இருந்தபோது, திருவிழாவின் கடைசி இரவில் பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பதுளையிலிருந்து லொறியில் படம் காட்டும் இயந்திரம் வந்து இறங்கும். பனிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சாக்கை விரித்து, லயத்து மக்கள் முன்னிரவிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். அவ்வாறு ஓர் இரவு நாங்கள் கண்ட படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அது வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எங்களுக்கோ அது புதுப் படம்.

படம் தொடங்கியதும் திரையில் எழுத்துகள் தோன்றின. என் பாட்டனாருக்கு எழுத்தறிவு இல்லை. பாடசாலைக்குப் போகிற பேரன் என்ற பெருமையோடு என்னை அருகில் இருத்திக்கொண்டு, "என்னா போட்டிருக்கு, வாசி தம்பி" என்றார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாடர்ன் தியேட்டர்ஸ் என்பது அவருக்கு விளங்கவில்லை. அடுத்து வந்த ஊர்ப் பெயரை வாசித்தபோது, "சேலமா?" என்று கேட்டார். "சேலம்தான் தாத்தா" என்றேன். அதன் பிறகு நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

என் பாட்டனார் சேலம் ஜில்லாவிலே பிறந்தவர். கங்காணி ஒருவர் திரட்டிய கூட்டத்தோடு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முகாமிலே காத்துக் கிடந்து, தலைமன்னாரில் கரையிறங்கி, பண்டாரவளை வரை ரயிலிலும் அப்பால் கால்நடையாகவும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924ஆம் ஆண்டிலேதான். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது ஊரின் பெயர் ஒன்றே. அந்தப் பெயர், தாம் அன்றாடம் வரிசையில் நின்ற அதே பெரட்டுக் களத்திலே, ஒரு துணியின் மேல் ஒளியாக எழுந்து நின்றதை அன்று அவர் கண்டார்.

அந்தப் பெயரைத் திரையிலே எழுதியவர் டி. ஆர். சுந்தரம். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க காலத்துப் பட முதலாளிகளுள் தலைசிறந்தவர். அவருடைய வாழ்வையும் தொழிலையும் நேயர்களோடு சேர்ந்து இன்று எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் தேதி பிறந்தார். நூல் வணிகத்திலும் நெசவுத் தொழிலிலும் ஈடுபட்ட செங்குந்த முதலியார் குடும்பம் அவருடையது. குடும்பத் தொழிலை நவீன முறையிலே கற்று வருமாறு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆலைத் தொழிலுக்குப் பேர்போன லீட்ஸ் நகரிலே அவர் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். பிற்காலத்தில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள இந்தப் படிப்பு பெரிதும் உதவும். கலைஞர்கள் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த காலம் அது. சுந்தரமோ ஆலையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். நூல் ஒரு வாசலில் நுழைந்து துணியாக மறுவாசலில் வெளியேறும் ஒழுங்கை அவர் கண்ணாரக் கண்டிருந்தார்.

அவர் தாயகம் திரும்பிய வேளையில் தமிழ்ப் பேசும்படம் தவழும் பருவத்தில் இருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதனை எடுத்த இடம் பம்பாய். சென்னையிலே ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ தோன்றுவதற்கு 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தமிழிலே படம் எடுக்க விரும்பியோர், நடிகர் நடிகையர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் உட்பட ஒரு முழுக் கூட்டத்தை ரயிலேற்றிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ செல்வார்கள். சுந்தரமும் சேலத்து எஸ். எஸ். வேலாயுதம் பிள்ளையோடு கூட்டுச் சேர்ந்து, ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற பெயரில் இவ்வாறே கல்கத்தாவிலே படம் எடுத்தார். 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'நல்லதங்காள்' ஆகிய படங்கள் அந்தக் கூட்டு முயற்சியில் வந்தவை.

கல்கத்தாப் பயணங்களிலே வாடகையும் உணவுச் செலவும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டூடியோ கிடைக்கும்வரை ஒரு கூட்டமே சும்மா உட்கார்ந்திருக்கும். நெசவாலையைக் கண்ட கண்களுக்கு இது பொறுக்கவில்லை. பஞ்சு விளையும் ஊரிலே ஆலை இருப்பது நல்லது என்று நினைப்பவர் அவர். நடிகர்களும் பாடகர்களும் தமிழ்நாட்டிலே இருக்க, படமெடுக்கும் இடம் மட்டும் ஆயிரம் மைல் தொலைவில் இருப்பானேன்? 1935ஆம் ஆண்டு சேலம் நகருக்கு வெளியே, ஏற்காட்டு மலை அடிவாரத்திலே, மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை அவர் தொடங்கினார்.

இந்த இடத்தை ஊவா நேயர்கள் எளிதிலே மனக்கண்ணில் காணலாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை, நம்முடைய அப்புத்தளைச் சாலையைப் போலவே வளைந்து வளைந்து மலையேறுகின்றது. மேலே வெள்ளைக்காரத் துரைமார் உண்டாக்கிய காப்பித் தோட்டங்கள். நம் மலைகளிலும் தேயிலைக்கு முன் காப்பிதானே விளைந்தது! மலை மேலே காப்பிக் கொட்டை, மலையடியிலே படச்சுருள். ஒரே சாலையில் இரண்டும் இறங்கி ரயிலேறி உலகத்துக்குப் போயின.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதற்படம் 'சதி அகல்யா', 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் எடுத்த 'பாலன்' மலையாள மொழியின் முதற் பேசும்படமாயிற்று. மலையாளத்து மக்கள் தங்கள் மொழியைத் திரையிலே முதன்முதல் கேட்டது சேலத்திலே எடுத்த படத்தின் வாயிலாக என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் போடோ குட்ஷ்வாகர் என்ற ஜெர்மானியர். தமக்குத் தெரியாத நுட்பத்தை எவரிடம் கற்கலாம் என்று தேடி அழைத்து வருவது சுந்தரத்தின் வழக்கம்.

தமிழிலே 1939இல் 'மாணிக்கவாசகர்', அதில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். 1940இல் பி. யு. சின்னப்பா இரு வேடம் தாங்கிய 'உத்தமபுத்திரன்'. இரட்டைப் பிறவிகளான இரு இளவரசர்களை ஒரே நடிகர் நடித்துக் காட்டியது அக்காலத்தில் பெருவியப்பை உண்டாக்கியது. 1942இல் 'மனோன்மணி'. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் செய்யுள் நாடகத்தைத் தழுவியது இப்படம். பாடப் புத்தகத்திலே கற்றோர் மாத்திரம் அறிந்திருந்த ஒரு நாடகத்தை, சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடிக்கக் கண்டு, கல்லாதோரும் பேசிக்கொண்டார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்தச் செயலுக்காக நான் அவரை வணங்குகின்றேன்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எந்தப் படமும் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் கட்டளையிட்டது. நாற்பது ஐம்பது பாட்டுகளோடு நீண்டுகொண்டிருந்த தமிழ்ப் படம் கச்சிதமாவதற்கு இக்கட்டளையும் ஒரு காரணம். போர்க் காலத்துக் கதையாகிய 'பர்மா ராணி' 1945இல் வெளிவந்தது. அதனை இயக்கிய சுந்தரம், தாமே ஒரு ஜப்பானியப் படையதிகாரியின் வேடத்தையும் தாங்கி நடித்தார்.

இனி, அந்த ஸ்டூடியோ எவ்வாறு நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே.

ஸ்டூடியோவின் மதிலுக்குள்ளே படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருளைக் கழுவும் ஆய்வுக்கூடம், காட்சிகளை அமைக்கும் தச்சுப் பட்டறை, உடை தைக்கும் பகுதி, கதை இலாகா யாவும் இருந்தன. நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தச்சர், தையற்காரர் எனப் பலர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். எல்லோரும் சுந்தரத்தை அழைத்த பெயர் 'முதலாளி'. குறித்த நேரத்தில் அவர் ஸ்டூடியோவுக்குள் இருப்பார். குறித்த நேரத்தில் மற்றவர்களும் இருந்தாக வேண்டும். பெரிய நடிகர் என்பதற்காக நேரம் தளர்த்தப்படுவதில்லை. படத்துக்கு இவ்வளவு நாள், இவ்வளவு பணம் என்று முன்னரே திட்டமிடுவார். திட்டத்தை மீற விடமாட்டார். அதனால் ஆண்டுதோறும் படங்கள் தவறாமல் வெளிவந்தன.

தோட்டத்திலே வளர்ந்த எனக்கு இதனைப் படிக்கும்போது வேறொரு காட்சி தோன்றுகின்றது. விடியற்காலையில் கொம்பூதுவார்கள். பெரட்டுக் களத்திலே வரிசையாக நிற்போம். இன்னாருக்கு இன்ன மலை என்று கணக்கப்பிள்ளை பிரிப்பார். தோட்டத்திலே ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வது வழக்கம். கொழுந்தின் நிறை போதாவிட்டால் அன்றைக்கு 'அரைப் பேர்'தான். முழுநாளும் மழையிலே நனைந்த ஒரு தாய், மாலையில் தன் பெயரில் பாதியோடு வீடு திரும்புவாள். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மக்கள் சற்று முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு.

ஆகவே, சேலத்து ஒழுங்கைப் புகழுமுன் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இதுவும் துரைத்தனந்தானோ?

அன்றைய நாடகக் கலைஞரின் நிலையைப் பார்த்தால் விடை ஓரளவு கிடைக்கும். அவர்களுடைய வாழ்க்கை ஊர் ஊராக அலையும் வாழ்க்கை. கம்பெனி ஓடினால் சோறு. மழை பெய்து கொட்டகை காலியானால் பட்டினி. அத்தகையவருக்கு மாதத்தின் முதல் நாளிலே சம்பளம் என்பது புதிய அநுபவம். வீட்டு வாடகை கொடுக்கலாம்; பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம். கலை என்பது தச்சு வேலையைப் போல, நெசவைப் போல, நம்பிப் பிழைக்கத்தக்க ஒரு தொழிலாகும் என்பதைச் சுந்தரம் நடத்திக் காட்டினார். அவருடைய கண்டிப்பு பலருக்குக் கசந்தது. நிலைத்து நில்லாமல் வெளியேறியவர்களும் உண்டு. எனினும் அந்த ஒழுங்கின் பயனிலே ஒரு பங்கு உள்ளே இருந்தவர்களுக்கும் கிடைத்தது. தோட்டத்து ஒழுங்கிலே எங்கள் முன்னோருக்குக் கிடைக்காதது அதுதான்.

தொழில் கற்ற இடமாகவும் அது விளங்கியது. கலைஞர் மு. கருணாநிதி அங்கே கதை வசனம் எழுதினார். கவிஞர் கண்ணதாசன் இளமையிலே அங்கே பணியாற்றினார். 1950ஆம் ஆண்டு வெளிவந்த 'மந்திரி குமாரி'யைப் பெரும்பாலான நேயர்கள் அறிவார்கள். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் கதைக் கருவைக் கொண்டு கருணாநிதி அதனை எழுதினார். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார், அவர் நாடு திரும்பியதும் எஞ்சிய பகுதியைச் சுந்தரமே இயக்கி முடித்தார். அப்படத்தின் கதாநாயகர் எம். ஜி. இராமச்சந்திரன். நம் மலைநாட்டு நாவலப்பிட்டியிலே 1917இல் பிறந்து, குழந்தையாகவே கடல் கடந்து சென்றவர் அவர். எங்கள் பாட்டனார் சேலத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்தார். மலைநாட்டிலே பிறந்த குழந்தையோ சேலத்துத் திரையிலே கதாநாயகனாயிற்று. அதே படத்திலே சேர்ந்து உழைத்த இருவருள் கருணாநிதி 1969இலும் இராமச்சந்திரன் 1977இலும் தமிழ்நாட்டின் முதலமைச்சராயினர்.

அதே 1950இல் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்ற காவியத்தைத் தழுவிப் 'பொன்முடி' வந்தது. 1952இல் அமெரிக்க நிறுவனத்தோடு கூடி 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தைச் சுந்தரம் எடுத்தார். 1956 பொங்கலுக்கு வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்தார்கள், சுந்தரமே இயக்கினார். 1961இலே 'கண்டம் பெச்ச கோட்டு' மூலம் மலையாளத்துக்கும் முதல் வண்ணப்படத்தை அவர் அளித்தார். ஒரு மொழிக்கு முதற் பேசும்படத்தையும் முதல் வண்ணப்படத்தையும் வேற்று மொழியாளர் ஒருவரே அளித்த பெருமை எளிதிற் கிடைப்பதன்று.

நம் நாட்டுப் படத்தொழிலும் இத்தகைய தமிழகத்து ஸ்டூடியோக்களோடு தொடர்புடையது. முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், அதனை எடுத்த இடம் மதுரை. பின்னர் அவர் கந்தானையிலே ஸ்டூடியோ அமைத்தார். கல்கத்தாவுக்குப் போய்ப் படம் எடுத்த தமிழன் சேலத்திலே ஸ்டூடியோ கட்டியது போலவே, மதுரைக்குப் போய் எடுத்த சிங்களப் படமும் காலப்போக்கில் இந்நாட்டிலேயே தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டது.

அந்தப் படங்களின் பாட்டுகளோ திரையை விடவும் தொலைதூரம் சென்றன. தோட்டத்திலே படம் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். வானொலி நாள்தோறும் வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு, சேலத்திலே பதிவான பாட்டைக் கொழும்பிலிருந்து காற்றிலே அனுப்பியது. அதை லயத்துத் திண்ணையிலும் கேட்டார்கள், சேலத்துத் தேநீர்க் கடையிலும் கேட்டார்கள். கடலின் இரு கரையிலும் பிரிந்து வாழ்ந்த ஒரே குடும்பத்தார், ஒரே வேளையிலே ஒரே பாட்டைக் கேட்ட காலம் அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் பயணம் சொல்லிப் புறப்பட்டன. அவ்வாறு போன உறவினரோடு எங்களைப் பிணைத்து வைத்தவை இரண்டு: கடிதமும் வானொலியும்.

சுந்தரம் அந்தக் காலத்தைக் காணவில்லை. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி, தம் 56ஆம் வயதிலே அவர் காலமானார். அவர் மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை ஏற்று நடத்தினார். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' போன்ற துப்பறியும் படங்கள், ஜெய்சங்கர் நடிக்க, நன்றாகவே ஓடின. ஆனால் காலம் மாறிவிட்டது. நடிகர்கள் மாதச் சம்பளத்துக்குக் கட்டுப்படும் காலம் போயிற்று. படத்தொழில் முழுவதும் சென்னைக் கோடம்பாக்கத்திலே குவிந்தது. ஸ்டூடியோத் தளத்தை விட்டு வெளியே சென்று படமெடுக்கும் வழக்கமும் பரவியது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலே நூறளவான படங்களைத் தந்த மாடர்ன் தியேட்டர்ஸ், 1980களிலே ஓய்ந்தது. ஸ்டூடியோ இருந்த நிலத்திலே இன்று வீடுகள் எழுந்துள்ளன. ஏற்காட்டுச் சாலையோரத்தில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கின்றது.

இந்த முடிவுக்குக் காலத்தின் மாற்றம் ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் நாம் மறைக்கலாகாது. சுந்தரத்தின் ஒழுங்கு அவருடைய கண்ணிலே இருந்தது. அவர் வாசலிலே நிற்கும்வரை எல்லாம் நேரப்படி நடந்தது. தம் கண்டிப்பை அவர் பிறருக்குக் கற்பித்தார். தம் பொறுப்பை அதே அளவுக்குப் பங்கிட்டாரா என்பது ஐயம். முதலாளி ஒருவரே தூணாக நிற்கும் வீடு, தூண் சாய்ந்தபின் நெடுநாள் தாங்காது. ஊவாவிலே வாழும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. துரைமார் போனார்கள், கம்பெனிகள் கைமாறின, 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன, 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மேலே ஆள் மாறினார். கீழே மலை ஏறியவர் மாறவில்லை.

இறுதியாக, அந்தப் பேர் என்ற சொல்லுக்கே திரும்புகின்றேன். ஒரு படத்தின் தொடக்கத்திலே பெயர்கள் வருகின்றன. நடிகர், பாடகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர் என்று வரிசையாக வருகின்றன. தளத்திலே ஆணி அடித்த தச்சனின் பெயரும், நாற்பது திருடருக்கும் உடை தைத்தவனின் பெயரும், குகை வாசலைத் திறக்கக் கயிறு இழுத்தவனின் பெயரும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. அவர்கள் சம்பளம் பெற்றார்கள், பெயர் பெறவில்லை. தேயிலைப் பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர் உண்டு. கொழுந்து கிள்ளியவளின் பெயர் இல்லை. பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதும்போது இந்தக் குறையை நாம் ஓரளவேனும் நிறைக்கலாம்.

எங்கள் பாடசாலையிலே மேல்வகுப்பு மாணவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பதுண்டு. வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று, அவருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்திலே முதலிலே பேர் பதிந்தார் என்று கேட்டு எழுதி வரவேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுதி வந்த தாளிலே, சேலம் என்ற ஊர்ப் பெயர் இருந்தது. அதை வாசித்தபோது, பனியிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திரையையே பார்த்தபடி பேசாமலிருந்த ஒரு முதியவரின் முகம் என் முன்னே வந்தது. அவருக்காகத்தான் டி. ஆர். சுந்தரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதனை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொண்டேன்.